வெறுங்கையோட வந்த ஆள்

அந்தப் பையை மடியிலயே வெச்சுக்கறேனுங்க. மேல வெச்சா நசுங்கிரும். பூவு இருக்குது உள்ள. மைசூர்பாகும் இருக்குது, அது நசுங்குனாப் பரவால்ல, வாய்க்குள்ள போனா எல்லாம் ஒண்ணுதான். நீங்க சன்னலோரமே உக்காருங்க, எனக்கு வெளிய பார்க்கறதுக்கு ஒண்ணுமில்ல. அந்தியூருங்களா? நானும் அங்கதானுங்க. நல்லதாப் போச்சு. பஸ்ஸுல தனியா உக்காந்தா மனசு என்னென்னமோ நினைக்குது.

பொண்டாட்டியக் கூட்டிட்டு வரப் போறேன். கோவிச்சுட்டு அம்மா வீட்டுக்குப் போயி ஒரு மாசம் ஆகப் போகுது. இன்னைக்குக் கூட்டிட்டு வந்தாத்தானுங்க உண்டு. திங்கக்கிழமை கோயமுத்தூர் போறாளாம். அங்க ஏதோ காலேஜ் பொண்ணுங்க பத்துப் பேரு சேர்ந்து கூப்பிட்டிருக்காங்க, வந்து சொல்லிக் குடுங்கன்னு. ரூமெல்லாம் பார்த்தாச்சாம். போயிட்டா அவ்வளவுதான், திரும்ப மாட்டா. அவ திரும்பற ஆளு இல்ல.

தப்பா நினைக்காதீங்க. குடி கிடின்னு ஒண்ணும் கிடையாது. கை நீட்டினதும் கிடையாது. காரணத்தைச் சொன்னா நீங்க சிரிப்பீங்க. ஒரு விளையாட்டுங்க. கம்ப்யூட்டர் விளையாட்டு.

என் பேரு தண்டபாணிங்க. ஈரோட்டுல கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வெச்சிருக்கேன். கடை அப்படி ஒண்ணும் பெருசில்ல. ஆனா 'முற்றுகை' ஆடறவங்ககிட்ட போயி 'கைடு தண்டபாணி'ன்னு சொல்லிப் பாருங்க, எந்திரிச்சு நிப்பாங்க. கைடு நான் எழுதினதுதானுங்க. தமிழ்ல. இங்கிலீசுல ஆயிரம் கிடக்குது, தமிழ்ல என்னோடது ஒண்ணுதான். யாரு வேணாலும் சும்மா இறக்கிக்கலாம். யூடியூப்ல சேனல் வேற இருக்குது.

முற்றுகைன்னா என்னன்னு கேக்கறீங்க. சதுரங்கம் தெரியுமில்லீங்களா? அதுல ஒருத்தர் காய் நகர்த்தற வரைக்கும் இன்னொருத்தர் தாடையச் சொறிஞ்சுட்டு உக்காந்திருக்கலாம். இதுல அந்தக் கதையே கிடையாது. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல ஆடணும். உங்களுக்கு ஒரு சின்ன ஊரு, நாலஞ்சு ஆளுங்க. மரம் வெட்டணும், தானியம் சேர்க்கணும், வீடு கட்டணும், படை திரட்டணும். எதிராளியும் அதையேதான் பண்ணிட்டிருப்பான், ஆனா அவன் ஊரு உங்களுக்குத் தெரியாது. உங்க ஆளுங்க கண்ணுக்கு எட்டற தூரம் மட்டும்தான் வெளிச்சம். மத்ததெல்லாம் இருட்டு. இருட்டுக்குள்ள அவன் என்ன பண்றான்னு ஆள் அனுப்பித்தான் பார்க்கணும்.

இப்பச் சொல்லுங்க, புதுசா ஆட வர்றவன் என்ன பண்ணுவான்? அழகா ஒரு கோட்டை கட்டுவான். தோட்டம் போடுவான். எந்த ஆளை எங்க விடறதுன்னு யோசிச்சுட்டு இருப்பான். அதுக்குள்ள எதிராளி படையோட வந்து வாசல்ல நிப்பான். யோசிக்க நேரம் கிடையாதுங்க. யோசிக்க வேண்டியதை எல்லாம் யாரோ முன்னாடியே யோசிச்சு வரிசையா எழுதி வெச்சிருந்தா எப்படி இருக்கும்? அதுதான் கைடு. முதல்ல தானியம், அப்புறம் மரம், நாலாவது நிமிஷம் படைவீடு, அப்படியே கண்ணை மூடிட்டுப் போகலாம். கரூர்ல ஒரு பல் டாக்டர், பாவம், ஆடின ஆட்டமெல்லாம் தோத்துட்டு இருந்தாரு. என் கைடைப் படிச்சதுக்கப்புறம் ஒரே வாரத்துல ஜெயிக்க ஆரம்பிச்சுட்டாரு. போன் பண்ணி அழுதாருங்க மனுசன்.

நான் படிச்சதே அப்படித்தானுங்க. பள்ளிக்கூடத்துல பாடப் புத்தகத்தைப் புரட்டினதே இல்ல, கைடுதான். ஒரு கேள்விக்கு ஒரு பதில், மனப்பாடம் பண்ணு, எழுது, மார்க்கு வாங்கு. புத்தகத்தைப் படிச்சுட்டு 'இது ஏன் இப்படி'ன்னு கேட்டுட்டிருந்தவனெல்லாம் எனக்குப் பின்னாடிதான் வந்தான். சுகுணா அந்த ரகம். ஆமாங்க, சுகுணான்னு பேரு. பத்தாவதுல கைடே வாங்கலையாம். அதைப் பெருமையா வேற சொல்லுவா.

அவளுக்கு இந்த ஆட்டமெல்லாம் ஒண்ணும் தெரியாதுங்க. நானும் சொல்லிக் குடுத்ததில்ல. நடுவுல ஒரு சங்கடம் ஆயிருச்சு எங்களுக்கு. அஞ்சாவது மாசம். தங்கலை. ஆஸ்பத்திரியில இருந்து வந்தவ பேச்சே இல்லாமப் போயிட்டா. நான் சும்மா இருக்கலைங்க. இந்த மாதிரி நேரத்துல பொம்பளைங்கள எப்படிப் பார்த்துக்கறதுன்னு நெட்டுல தேடித் தேடிப் படிச்சேன். ஒரு அட்டவணை போட்டு ஃப்ரிட்ஜ் மேல ஒட்டினேன். காலையில நடக்கணும். மாதுளம்பழம் சாப்பிடணும். சாயங்காலம் அரை மணி நேரம் அதைப் பத்தி மனசு விட்டுப் பேசணும். அந்த அரை மணி நேரத்துக்காகவே நான் கடையைச் சாத்திட்டு வந்து எதுத்தாப்ல உக்காருவேன். அவ சுவத்தைப் பார்த்துட்டு இருப்பா. நேரம் முடிஞ்சதும் எந்திரிச்சுப் போயிருவேன். இழுத்துட்டே போகக் கூடாதுன்னு போட்டிருந்ததுங்க. எத்தனை புருசன்மாரு இவ்வளவு பண்ணுவாங்க, நீங்களே சொல்லுங்க.

அப்பத்தான் ஒரு நாள் நான் ஆடிட்டு இருக்கறப்ப வந்து பின்னாடி ஸ்டூலைப் போட்டு உக்காந்தா. மறுநாளும் வந்தா. அப்புறம் தினமும். சரி, மனசு மாறட்டும்னு விட்டுட்டேன். ரொம்ப நாள் கழிச்சு அவ கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுங்களா? "ஏனுங்க, அந்த இருட்டுக்குள்ள என்ன இருக்குது?"

நான் சொன்னேன், "அது நமக்கு வேண்டியதில்ல சுகுணா. உள்ள என்ன இருந்தாலும் நாலாவது நிமிஷம் நாம படைவீடு கட்டுவோம். அதான் கணக்கு."

"எனக்குப் பார்க்கணும்னு தோணுது" அப்படின்னா.

உள் ரூம்ல ஒரு பழைய கம்ப்யூட்டர் கிடந்துச்சு, அதைச் சரி பண்ணிக் குடுத்தேன். கைடையும் குடுத்தேன். ரெண்டு பக்கம் படிச்சுட்டு மேசை மேல வெச்சுட்டா. "நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. ஆனா இது முன்னாடி ஆடின ஆட்டத்தைப் பத்தித்தானே சொல்லுது" அப்படின்னா. எனக்குச் சுருக்குன்னுச்சு. எத்தனை வருச உழைப்பு! காட்டிக்கலை. ஆடட்டும், தோத்துத் தோத்து வந்து கேப்பான்னு விட்டுட்டேன். அவ என்னைக் கேக்கவே இல்ல. உள் ரூம்ல இருந்து சிரிப்புச் சத்தம் மட்டும் அப்பப்ப வரும். சிரிப்பு வந்துச்சேன்னு சந்தோசம்தானுங்க. இல்லைன்னு சொல்லலை. ஆனா கைடு இல்லாம என்னத்தை ஆடிக் கிழிச்சிருவான்னும் இருந்துச்சு.

பவானி வந்துருச்சு போலிருக்குது. கூட்டம் ஏறுது பாருங்க. கொஞ்சம் தள்ளி உக்காந்துக்கறேன், பூவு படாம.

எங்க விட்டேன்? ஆங். சேனல்ல அடிக்கடி ஒரு கேள்வி வரும்ங்க, கைடு படிச்சு என்ன பிரயோசனம், சொந்தமா மூளையில்லையான்னு. எனக்கு எரிச்சல். சரி, ஒரேயடியா நிரூபிச்சிரலாம்னு ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் லைவ் போட்டேன். கைடு படிச்சவன் ஒரு பக்கம், படிக்காதவங்க ஒரு பக்கம். படிக்காத ஆளுக்கு எங்க போறது? சுகுணாவைக் கேட்டேன், சரின்னா. என் சம்சாரம்னு சொல்லலை, 'ஒரு புது ஆளு ஆடறாங்க'ன்னு மட்டும் சொன்னேன். பொம்பளையத் தோக்கடிச்சுப் பெருமை அடிக்கறான்னு பேரு வந்துரக் கூடாது பாருங்க. நான் முன் ரூம்ல, அவ உள் ரூம்ல. நடுவுல கதவு சாத்தி.

நான் கைடுல எழுதினபடியே ஆடினேன். ஒரு புள்ளி விலகலை. படிப்படியா விளக்கிட்டே வேற ஆடறேன். வேவு பார்க்கறதுக்குக் குதிரைக்காரனைத்தான் அனுப்பணும், அதுவும் கைடுலயே இருக்குது. அவ யாரை அனுப்பினா தெரியுங்களா? விறகு வெட்டற ஒருத்தனை. கையில கோடாலி கூட இல்லாம. அவன் பாட்டுக்கு நடந்து வந்து என் ஊரைச் சுத்திச் சுத்திப் பார்க்கறான். வெறும் ஆளு மேல படையை வீணாக்கக் கூடாதுங்கறது விதி, அதனால நானும் விட்டுட்டேன். லைவ்ல சிரிச்சேன் கூட. "பாருங்க, வழி தெரியாம வந்துட்டாங்க"ன்னேன்.

என் ஆட்டத்துல ஒரு இடம் வருமுங்க. படையைப் பெருசாக்கறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் ஊருல காவலே இருக்காது. எல்லாச் செல்வத்தையும் ஒண்ணுல போட்டிருப்போம். எல்லாரும் அப்படித்தான் ஆடுவாங்க, அந்த நேரத்துல யாரும் வர மாட்டாங்க. அவ வந்தா. சரியா அப்பத்தான் வந்தா. அம்புக்காரங்க அஞ்சாறு பேருதானுங்க, என் ஊரே எரிஞ்சு போச்சு. அத்தனை பேரு பார்த்துட்டு இருக்காங்க. கரூர் டாக்டர் கூட இருந்தாரு. இப்பச் சொல்லிக் குடுக்கக் கூப்பிடற அந்தக் கோயமுத்தூர்ப் பொண்ணுங்களும் அன்னைக்குப் பார்த்தவங்கதானாம்.

எனக்கு மூஞ்சி எங்க வெச்சுக்கறதுன்னு தெரியலை. வாயில வந்ததைச் சொல்லிட்டேன். "இது கள்ளாட்டம்ங்க. இது என் சம்சாரம்தான், பின்னாடி வந்து என் ஸ்க்ரீனைப் பார்த்துட்டுப் போயி ஆடறா"ன்னு. அவ்வளவுதான். ஜனங்களுக்குச் சொல்லவா வேணும்? அவளைப் பத்தி என்னென்னமோ எழுதித் தள்ளிட்டாங்க. அதையெல்லாம் நானா எழுதச் சொன்னேன்? இல்லீங்களே.

அவ வெளிய வந்து கதவோரமா நின்னா. சத்தம் போடலை. "நான் பார்க்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அவங்க கேக்கற மாதிரி" அப்படின்னா.

பார்த்தாளான்னு கேக்கறீங்களா? பார்க்கலைங்க. எப்படிப் பார்ப்பா, கதவுதான் சாத்தியிருந்துச்சே. எனக்குத் தெரியாதா? அன்னைக்கே தெரியும். காவல் இல்லாத நேரம் உனக்கு எப்படித் தெரிஞ்சுச்சுன்னு அவளைக் கேட்டேன், அதுக்கும் பதில் சொன்னா. "குதிரைக்காரன் போனா சண்டைக்கு வர்றான்னு நினைப்பாங்க. வெறுங்கையோட போனா பக்கத்துல விடுவாங்க. போயிப் பார்த்தேன், நீங்க எப்பவும் போலத்தான் ஆடிட்டு இருந்தீங்க" அப்படின்னா. அவ்வளவுதானுங்க விசயம். ஆனா அதை லைவ்ல போயிச் சொன்னா கைடுக்கு என்னங்க மரியாதை? அத்தனை பேரு நம்பிப் படிக்கறாங்க. அவளுக்கு நான் ஒருத்தன்தான், எனக்கு அத்தனை பேரு. அதைப் புரிஞ்சுக்க வேண்டாமா?

நானும் சும்மா இருக்கலை. அவ ஆடின ஆட்டத்தை மதிச்சுத்தான் கைடுல புதுசா ஒரு அதிகாரமே சேர்த்தேன். 'வெறுங்கையோட தனியா ஒரு ஆளு வந்தா ஏமாந்துராதீங்க, அவனைத்தான் முதல்ல வாசல்லயே நிறுத்தணும்'னு. நல்ல வரவேற்பு. அதை அவகிட்டக் காட்டினேன். சந்தோசப்படுவான்னு நினைச்சேன். படிச்சா. படிச்சுட்டு உள்ள போயி துணியை எடுத்து வெச்சா. ஒரு வார்த்தைக்காக யாராவது வீட்டை விட்டுப் போவாங்களா? சொல்லுங்க. அவ போனதுக்கப்புறம் அந்த ஸ்டூலை எடுத்து உள்ள போட்டுட்டேன். முதுகுக்குப் பின்னாடி காலியாக் கிடந்தா ஆட முடியலைங்க. இப்பவும் ஆட முடியலை. சோறும் இறங்கலை.

அதனால இன்னைக்குத் திட்டம் போட்டுத்தான் வந்திருக்கேன். எடுத்ததும் அவகிட்டப் போகக் கூடாது. முதல்ல அத்தை. பூவும் மைசூர்பாகும் அவங்களுக்குத்தான். அத்தை மனசு இளகினதும் சுகுணாவோட பெரியப்பா நாச்சிமுத்து மாமா வருவாரு, சொல்லி வெச்சிருக்கேன். அவரு வந்து ஊரு என்ன சொல்லும்னு ஆரம்பிப்பாரு. அப்புறம் அவ தங்கச்சி, அழுகற பொண்ணு. எல்லாப் பக்கமும் சூழ்ந்ததுக்கப்புறம்தான் நான் அவ முன்னாடி போயி நிப்பேன். அவளால ஒண்ணும் பண்ண முடியாது. ஏனுங்க சிரிக்கறீங்க? கூட்டிட்டு வரணுமில்லீங்களா?

அந்த ஒரு வார்த்தையா? அதைச் சொல்றதா இல்லைங்க. அது திட்டத்துல இல்ல.

ஒரு நிமிசம், போன் அடிக்குது. பக்கத்து வீட்டு ருக்குமணியக்கா. சாவி அவங்ககிட்டத்தான் குடுத்துட்டு வந்தேன்.

சொல்லுங்கக்கா... என்னது?... யாரு? சுகுணாவா? நம்ம வீட்டுக்கா?... எப்ப வந்தா?... கூட யாரு வந்திருக்கா?... தனியாவா... பையி, பொட்டி ஏதாச்சும்... ஒண்ணுமில்லையா? வெறுங்கையோடவா?... என்ன கேக்கறா?... நான் எங்கன்னு கேக்கறாளா... என்கிட்டப் பேசணும்கறாளா... இருங்கக்கா, இருங்க. கொஞ்சம் இருங்க.

பார்த்தீங்களா? நான் அந்தியூர் போறேன், அவ ஈரோட்டுக்கு வந்து வாசப்படியில உக்காந்திருக்கா. நான் வர்றது அவளுக்கு எப்படித் தெரியும்? தெரிஞ்சிருக்காது. அவளா வந்திருக்கா. எதுக்கு வந்திருப்பா? தனியா. வெறுங்கையோட.

அக்கா, லைன்ல இருக்கீங்களா? சாவியக் குடுத்துராதீங்க. ஆமாக்கா. குடுக்காதீங்கன்னு சொல்றேன். கதவைத் திறக்க வேண்டாம். உள்ள எப்படி இருக்கேன்னு பார்க்கத்தான் வந்திருப்பா. பாத்திரம் கழுவாமக் கிடக்குது, துணியெல்லாம் சேர்ல கிடக்குது, அந்த அட்டவணை கூட ஃப்ரிட்ஜ்ல அப்படியே இருக்குது. அதையெல்லாம் பார்த்துட்டாள்னா என் நிலைமை மொத்தமும் தெரிஞ்சு போயிரும்... தண்ணி குடுங்க. தண்ணி குடுக்கலாம். சாவி வேண்டாம்... என்ன சொல்லட்டும்னா? நான் வெளியூருன்னு சொல்லுங்க. வெச்சிர்றேன்.

என்னங்க அப்படிப் பார்க்கறீங்க?

இறங்கச் சொல்றீங்களா? இங்க, பருவாச்சியிலயா? எதுத்தாப்ல ஈரோடு பஸ் நிக்குது, ஆமா, எனக்கும் தெரியுது. ஏறினா ஒரு மணி நேரத்துல வீட்டுல இருக்கலாம், அதுவும் தெரியுது. அவ உக்காந்துட்டுத்தான் இருப்பா. காத்திருக்கறதுல அவளை மிஞ்ச முடியாது. கொஞ்சம் வழி விடுங்க... பையி... கண்டக்டர், ஒரு நிமிசம், இறங்கணும்...

இல்லீங்க. வேண்டாம். போகட்டும், ரைட்டு.

படையைக் கிளப்பிட்டுப் பாதி வழியில திரும்பறவன் ரெண்டு பக்கமும் தோத்துருவான். கைடுல தடிச்ச எழுத்துல போட்டிருக்கேன். அதைப் படிச்சு எத்தனை பேரு ஜெயிச்சிருக்காங்க தெரியுங்களா? மாமா வேற கிளம்பியிருப்பாரு. அவரை என்ன சொல்லி நிறுத்தறது?

மறுபடியும் அடிக்குது. அக்காவாத்தான்...

இல்லீங்க. சுகுணா.

போனதுல இருந்து அவளா ஒரு தடவை கூடக் கூப்பிடலைங்க. பேரு வருது பாருங்க. அவ போட்டோவும் வருது, ஆஸ்பத்திரிக்கு முன்னாடி எடுத்தது. எடுத்தா என்ன சொல்லுவா? அவ அப்படிச் சொன்னா நான் எப்படிச் சொல்றது? எதிராளி நேரா வந்து பேசணும்னு சொன்னா என்ன பண்றதுன்னு நான் எங்கயுமே எழுதலைங்க. இங்கிலீசு கைடுலயும் பார்த்ததில்ல. அந்த ஆட்டத்துல பேசறதுக்கு வழியே கிடையாதே. சரி, எடுக்கறேன், எடுக்கறேன், கையப் பிடிக்காதீங்க. முதல்ல நான் என்ன சொல்லணும்னு மட்டும் ஒரு நிமிசம் யோசிச்சுக்கறேன். ஒரே ஒரு நிமிசம்...

நின்னுருச்சுங்க.

மறுபடியும் அடிச்சா எடுத்திர்றேன். அடிப்பா. அடிக்கலைன்னா... அடிப்பாங்க.

நான் கூப்பிடறதா? நானாக் கூப்பிடக் கூடாது இப்ப. கொஞ்சம் இந்தப் பூவைப் பாருங்க, வாடிருச்சுங்களா? வாடலைல்ல? தண்ணி தெளிச்சுத்தான் கட்டிக் குடுத்தாங்க. அந்தியூர் வந்ததும் சொல்லுங்க, நான் கண்ணை மூடிட்டு முதல்ல இருந்து ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கறேன்.

அவதான் அங்க இல்லையேன்னு சொல்றீங்க. தெரியுதுங்க. எனக்கென்ன தெரியாதா? ஆனா முதல்ல அத்தைதானுங்க. அத்தை வீட்டுலதான் இருப்பாங்க.